பொட்டுக்குள் போன முள்

காரில் ஏறி உட்கார்ந்ததும் சிலர் கண்ணாடியை இறக்குவார்கள், சிலர் புடவையைச் சரி செய்துகொள்வார்கள். நான் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பேன். யாருடைய கார், எவ்வளவு தூரம் போகிறோம் என்பதெல்லாம் அப்புறம். என் மகள் இப்போது வைத்திருக்கும் காரில் முள்ளே கிடையாது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண்ணாகவே எழுதிக் காட்டுகிறது. அது தொண்ணூறு என்று சொன்னால் நான் அறுபது என்று எடுத்துக்கொள்வேன். அறுபது என்றால் அடுத்த பங்க்கில் நிறுத்து என்பேன். "அம்மா, கம்ப்யூட்டர் சொல்லுதும்மா" என்பாள். சொல்லட்டுமே. இதைவிட உறுதியாகச் சொன்ன மனுஷனோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

எண்பதுகளில் நாங்கள் ஆவடியில் இருந்தோம். வீட்டுக்காரருக்குப் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பு வளாகத்தில் வீடு. எங்கள் வரிசையில் யாரும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஒரு வீடு திருநெல்வேலி, ஒரு வீடு கோயம்புத்தூர், ஒரு வீடு தஞ்சாவூர்ப் பக்கம். அவர் திண்டுக்கல், நான் குடியாத்தம். எல்லோருடைய சாம்பாரும் எல்லோருடைய வீட்டுக்கும் போய் வந்ததில் கடைசியில் எது யார் ஊர் ருசி என்றே தெரியாமல் போய்விட்டது.

அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். கடைந்து வரும் இரும்புப் பாகங்களை அளவு பார்த்து, சரியானதை ஒரு பக்கமும் சரியில்லாததை ஒரு பக்கமும் ஒதுக்கி வைக்கும் வேலை. மயிரிழை கூடினாலும் விடமாட்டார், குறைந்தாலும் விடமாட்டார். வீட்டிலும் அதே புத்திதான். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் அளப்பார். ஒரு முறை அளந்து முடித்துவிட்டால் அப்புறம் பிரம்மாவே வந்து சொன்னாலும் மறுபடி அளக்கமாட்டார். "அதான் பாத்தாச்சே" என்பார். அவருடைய வாழ்க்கையே அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது.

நான் அப்படியே நேர் எதிர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். கேஸ் சிலிண்டரை வாரத்துக்கு ஒரு தடவை அசைத்துப் பார்த்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிறவள். ஆறு மணி ரயிலுக்கு நாலரைக்கே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிடுவேன். "உன் கூடப் போனா தண்டவாளம் போடறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடலாம்" என்று அவர் கிண்டல் செய்வார். என் பரபரப்பு அந்த வரிசை முழுக்கப் பிரசித்தம்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒரு அதிகாரியிடமிருந்து அவர் இளநீல நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கினார். எங்கள் வரிசையில் முதல் கார் அதுதான். அந்த வருஷ ஆயுத பூஜைக்குத்தான் வினை ஆரம்பித்தது. அன்று ஒரு நாள் மட்டும் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் போகலாம். உள்ளே போனால் மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று, மாலை, சந்தனம், குங்குமம். அவருடைய செக்‌ஷனில் இருந்த அளவுக் கருவிகளுக்குக்கூட, கடிகாரம் மாதிரி வட்டமாகக் கண்ணாடி போட்டவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தையல் மெஷினுக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, அரிவாள்மணைக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று. கடைசியில் கார். முன்பக்கம், சக்கரம், ஸ்டியரிங் எல்லாவற்றுக்கும் வைத்தபின், உள்ளே வண்டியின் வேகம் காட்டும் வட்டத்துக்கு ஒன்றும் பெட்ரோல் காட்டும் சின்ன வட்டத்துக்கு ஒன்றும் வைத்தார். கட்டை விரலால் அழுத்தி வைத்த தாராளமான பொட்டு. அது பெட்ரோல் முள்ளின் கீழ்க்கோடியில், காலி என்று குறிக்கும் இடத்தை அப்படியே மூடிவிட்டது.

மறுநாள் நான் துணியும் கையுமாகப் போனேன். "தொடாதே" என்றார்.

"முள்ளு தெரியலைங்க."

"சாமிக்கு வச்ச பொட்டை நாமளா அழிக்கக் கூடாது. அதுவா உதிரணும்."

"உதிர்ற வரைக்கும் பெட்ரோல் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. அளப்பதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டதல்லவா. டிக்கியில் ஒரு கேனில் பெட்ரோல் எடுத்து வைத்துக்கொண்டு, முள் பொட்டுக்குள் நுழைந்து மறைந்த நேரத்திலிருந்து கணக்கு வைக்க ஆரம்பித்தார். அம்பத்தூர் வரை போய்த் திரும்பினார். அண்ணனூர் போனார். சேக்காட்டில் இருந்த நண்பர் வீட்டுக்கு ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு தடவை போய் வந்தார். வண்டி கடைசியில் நின்றது. கேனை எடுத்து ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே அறிவித்தார்: "முள்ளு பொட்டுக்குள்ள போனதுக்கு அப்புறம் இன்னும் நாப்பது கிலோமீட்டர் ஓடும். எழுதி வச்சுக்கோ."

அதோடு அந்தப் பொட்டு எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. முள் வெளியே தெரியும் வரை கவலையே இல்லை. உள்ளே போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் பெட்ரோல் போட்டுவிட வேண்டும். அவர் இதைத் தொழிற்சாலையில் சொல்ல, அங்கிருந்து வீடுகளுக்குப் பரவ, எங்கள் வரிசையில் அது பேச்சு வழக்கே ஆகிவிட்டது. கோயம்புத்தூர்க்கார அம்மா கிண்ணத்தோடு வந்து நிற்பார். "சக்கரை பொட்டுக்குள்ள போயிருச்சுங்க, ஒரு கிண்ணம் குடுங்க" என்பார். நானும் சிரித்துக்கொண்டே கொடுப்பேன்.

ஆனால் காரில் உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வராது. அந்தத் தை மாதம் ஐயப்பன்தாங்கலில் அவருடைய அத்தை மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். போகும்போதே முள் பொட்டுக்குள் போய்விட்டது. வழியில் இரண்டு பங்க் வந்தன, இரண்டிலும் அவர் நிறுத்தவில்லை. நான் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, நானே காலால் வண்டியைத் தள்ளுவது போல அழுத்திக்கொண்டே போனேன். சாப்பாட்டுப் பந்தியில்கூட எனக்கு வடை இறங்கவில்லை, திரும்பிப் போக வேண்டுமே என்ற நினைப்பு. வீடு வந்து சேர்ந்து இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா?" அந்த 'பாத்தியா'வைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி வழியில் நின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மாசி, பங்குனி என்று போகப் போக அவருடைய பேச்சு ஒவ்வொரு தடவையும் பலித்தது. ஒவ்வொரு தடவையும் 'பாத்தியா'. வெயில் ஏற ஆரம்பித்தது. குடியிருப்பில் காருக்குக் கொட்டகை கிடையாது, பகலெல்லாம் வெட்டவெளியில்தான் நிற்கும். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் சீட் சுடும். மிதியடியில் மஞ்சளாகப் பொடி உதிர்ந்து கிடக்கும். நான் மிதியடியை எடுத்துத் தட்டிப் போடுவேன். மண் என்று நினைத்தேனோ, எதுவுமே நினைக்கவில்லையோ, இப்போது சொல்லத் தெரியவில்லை.

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டும். நான் கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தவறாமல் புதுப்பித்துக்கொண்டு, வரும் வரும் என்று காத்திருந்தவள். குழந்தை பிறந்து அது பள்ளிக்கூடம் போகும் வயசும் வந்துவிட்டது, எனக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பள்ளி திறக்கும் சமயத்தில் ஆணை வந்தது. பூந்தமல்லி வட்டாரத்தில் இடைநிலை ஆசிரியை. பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்ததால், கையில் கிடைத்தபோது சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் பூந்தமல்லியில் இருந்த கல்வி அலுவலகத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. இல்லையென்றால் ஆணை செல்லாது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னோடு பயிற்சியில் படித்து எனக்கு முன்பே வேலைக்குப் போய்விட்ட தோழி ஒருத்தி அம்பத்தூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுடுடி. சாப்பாட்டுக்கு அப்புறம் போனா பிற்பகல்னு எழுதிடுவாங்க. ஒரே நாள்ல சேர்றவங்கள்ல முற்பகல் ஆளுதான் சீனியர். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகற காலத்துல தெரியும்."

நான் பஸ்ஸிலேயே போய்விடுவதாகச் சொன்னேன். முதல் பஸ்ஸுக்கே போய்விட்டால் அலுவலகம் திறப்பதற்கு முன்னால் வாசலில் நிற்கலாம். அவர் கேட்கவில்லை. "என் பொண்டாட்டி முதல் நாள் வேலைக்குப் பஸ்ல தொங்கிக்கிட்டா போவா? கார்ல கொண்டுபோய் எறக்கறேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். லீவும் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே நான் புடவை கட்டி, சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழரை ஒன்பது ராகு காலம் என்றார். முடியட்டும் என்று பேப்பரை விரித்தார். காலையிலேயே போயாகணும் என்று மூன்று தடவை சொன்னேன். சீனியாரிட்டி என்று ஆரம்பித்தேன். "ஆபீஸ் சாயந்தரம் வரைக்கும் அங்கயேதான் இருக்கும், ஓடிடாது" என்று பக்கத்தைப் புரட்டினார். என் பரபரப்பு பழைய விஷயம், அதற்கெல்லாம் காரணம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. ஒன்பதுக்கு மேல் தேங்காய் உடைத்து, வரிசையில் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு, கோயம்புத்தூர் அம்மா கொடுத்த பூவை வைத்துக்கொண்டு கிளம்பியபோது வெயில் சுள்ளென்று அடித்தது.

வண்டி நகர்ந்ததும் முள்ளைப் பார்த்தேன். பொட்டை ஒட்டி, ஆனால் வெளியே நின்றது.

"பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போயிடலாங்க."

"பொட்டைத் தொடவே இல்லையே."

"இன்னிக்கு ஒரு நாளைக்குப் போட்டுடுங்க."

"தொட்டதுக்கு அப்புறமே நாப்பது கிலோமீட்டர். பூந்தமல்லி பத்துகூட இருக்காது. அதான் பாத்தாச்சே."

பங்க்கில் ஏழெட்டு வண்டி நின்றது. அதைத் தாண்டிப் போனோம். பருத்திப்பட்டு தாண்டினோம். அதற்குப் பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் வெறும் வயலும் கருவேலமும்தான். காடுவெட்டிப் பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு தடவை இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் சத்தமில்லாமல் ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

பெட்ரோல் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவர் முள்ளைப் பார்த்தார். முள் வெளியேதான் இருந்தது. "பெட்ரோல் இருக்கு. வேற என்னமோ" என்று இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். அன்றைக்கு நடந்ததில் பெரிய தப்பு இதுதான். வண்டி நின்றதைக்கூட மன்னித்துவிடலாம். பெட்ரோல் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டதால் இல்லாத கோளாறைத் தேட ஆரம்பித்தார். பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்புக் காகிதத்தால் தேய்த்து, இடைவெளி அளந்து மாட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். கார்பரேட்டரைக் கழற்றிச் சட்டையைக் கழற்றாத குறையாக ஊதினார்.

"பெட்ரோல் தீந்துடுச்சுங்க."

"முள்ளைப் பாரு."

"முள்ளு பொய் சொல்லுது."

"ரெண்டு நிமிஷம் பேசாம இரு."

அந்த இரண்டு நிமிஷத்துக்கு முடிவே இல்லை. நான் வண்டியைச் சுற்றி நடந்தேன். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன். நிறுத்தம் இல்லாத இடம். பூந்தமல்லி பஸ் ஒன்று பிதுங்கி வழிந்துகொண்டு வந்தது, கையைக் காட்டினேன், நிற்காமல் போனது. இன்னொன்றும் அப்படியே போனது. பருத்திப்பட்டுக்குத் திரும்பி நடந்து பஸ் பிடிக்கலாம் என்று இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் "இதோ ஆச்சு, ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொளுத்துகிற வெயில், தலையில் பூ வதங்குகிறது, சூரியன் உச்சிக்கு ஏறுகிறது. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

கடைசியில் நான் அவரைக் கேட்கவில்லை. பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்தேன். அந்த வாயில் காதை வைத்துக்கொண்டு, இடுப்பால் வண்டியை ஒரு இடி இடித்தேன். வீட்டில் சிலிண்டரை அசைத்துப் பார்ப்பது போலத்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு இடி. ஒன்றுமே தளும்பவில்லை.

"இங்க வாங்க. வந்து கேளுங்க."

வந்தார், கையெல்லாம் கரியோடு. குனிந்து காதை வைத்தார். அவரும் ஒரு தடவை வண்டியை ஆட்டினார். நிமிர்ந்தபோது முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட எனக்கு நேரம் இல்லை.

அப்போதுதான் காய்கறி மூட்டையும் கூடையுமாக ஒரு டெம்போ வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா?"

"பெட்ரோல் தீந்துடுச்சு" என்று நான்தான் சொன்னேன். "நான் பூந்தமல்லி போகணும்பா. அவசரம்."

"அங்கதான் போய்கினு கீறேன். ஏறுக்கா. நீ கேனை எட்த்துக்கினு மெதுவா வா நைனா, அக்காவ நான் எறக்கி உட்றேன்."

அவர், "நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அன்று டிக்கியில் கேனும் இல்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறினேன்.

கத்தரிக்காய்க் கூடை ஒன்று காலடியில், கொத்தமல்லிக் கட்டு ஒன்று மடியில், அதற்கு மேல் என் சான்றிதழ் பை. உட்கார்ந்ததும் கண் தானாகத் தேடியது. டீசல் முள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாமி படம் ஒட்டியிருந்தான்.

"டீசல் இருக்காப்பா?"

"அந்த முள்ளு பூட்ச்சுக்கா, ரெண்டு வருசம் ஆவுது. ஓட்ற வரைக்கும் ஓடும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னாக்கா, இப்டி பதறிக்கினு கீற? ஊட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லியா?"

"இன்னிக்கு வேலைக்குச் சேரணும். சாப்பாட்டு வேளைக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும்."

"டீச்சரா? இன்னாக்கா, மின்னியே சொல்றதில்ல? புட்ச்சிக்கோ."

பறக்கத்தான் செய்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கரையான்சாவடியில் இரண்டு ஓட்டல்களுக்குக் காய் இறக்க வேண்டியிருந்தது. "காய்க்கு அங்க அடுப்பு காஞ்சிக்கினு கீதுக்கா, கோச்சிக்காத" என்றான். முதல் ஓட்டலில் நானும் இறங்கிக் கூடையைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டாவது ஓட்டலில் கணக்குப் பார்க்கும் ஆள் இல்லை. அந்த ஆளைத் தேடிக்கொண்டு உள்ளே போன டெம்போக்காரன் வரவேயில்லை. என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி ஓட ஆரம்பித்தேன். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பூந்தமல்லி கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க ஓடினேன்.

அலுவலகப் படியில் நான் ஏறும்போது ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். கையில் மிட்டாய்ப் பெட்டி. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "நீங்களும் இன்னிக்கா? நானும் இன்னிக்குத்தான் சேர்ந்தேன், எடுத்துக்குங்க" என்று ஒரு மிட்டாய் கொடுத்தாள். உள்ளே போனால் மேஜைகள் காலி. எழுத்தர் மட்டும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷர். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "ஆபீசர் இப்பத்தான் சாப்பிடப் போனார்மா. வந்ததும் போட்டுடலாம். தேதி இன்னிக்குத் தேதிதான், பயப்படாதே. பிற்பகல்னு போட்டுக்கலாம்" என்றார்.

வேலை போகவில்லை என்ற ஆறுதலில் நான் அழுதே விட்டேன். கையில் இருந்த மிட்டாய் உருகி ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டேன். பிற்பகல்.

சாயந்தரம் அவர் அலுவலக வாசலில் காரோடு நின்றார். டேங்க் நிரம்பி, கழுத்து வரை பெட்ரோல். "சேந்துட்டியா?" என்றார். "சேந்துட்டேன்" என்றேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டை அளந்தார். வெயிலில் காய்ந்து, ஓரம் ஓரமாகப் பொடிந்து உதிர்ந்து, பொட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. அவர் அளந்த காலத்தில் முள் பொட்டுக்குள் புகும் இடத்துக்கும், இப்போது புகும் இடத்துக்கும் நடுவில்தான் அந்த நாற்பது கிலோமீட்டரும் இருந்தது. முள் பாவம், அத்தனை மாதமும் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"முள்ளு மேல தப்பே இல்ல. பொட்டு சுருங்கிடுச்சு!" என்று வரிசை முழுக்கச் சொன்னார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதிலிருந்து அது அவருடைய கதை. கல்யாண வீடா, காதுகுத்தா, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார். பிளக்கைத் தேய்த்தது, நான் இடுப்பால் இடித்தது, கத்தரிக்காய் டெம்போ. கடைசியில் என்னைக் காட்டி, "ஆனா பாருங்க, கரெக்டா அன்னிக்கே போய்ச் சேந்துட்டா. வேலை போகலை" என்று முடிப்பார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். முற்பகல், பிற்பகல் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. முதலில் கோபத்தில் சொல்லவில்லை. அப்புறம், வருஷங்கள் போன பிறகு, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வட்டாரத்தில் ஒரு தலைமையாசிரியை இடம் காலியானது. நான் வேலை பார்த்த அதே பள்ளி. அங்கே மரம் வைத்தது முதல் சத்துணவுக் கூடத்துக்கு ஓடு மாற்றியது வரை நான் ஓடி ஓடிச் செய்தது. சீனியாரிட்டி பட்டியல் வந்தது. அதில் எனக்கு நேர் மேலே ஒரு பெயர் இருந்தது, மிட்டாய் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயர். அவளும் முற்பகல், நானும் முற்பகல் என்றால் வயதில் மூத்தவள் என்று என்னை மேலே போட்டிருப்பார்கள். அவள் நல்லவள். எனக்கு அவள் மேல் துளிகூட வருத்தமில்லை. ஆனால் அவள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்று, நான் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அந்தம்மாவும் நீயும் ஒரே நாள்தானே சேந்தீங்க? நீதானே வயசுல பெரியவ? பட்டியல்ல தப்பு இருக்கும். எழுதிப் போடு."

"தப்பு இல்லைங்க."

"அதெப்படி? ஒரே தேதிதானே?"

"அவ காலையில. நான் மத்தியானம்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அளவு தெரிந்த மனுஷர். மயிரிழை வித்தியாசத்துக்கு இரும்பைத் திருப்பி அனுப்பியவர். அவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "அன்னிக்கே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்."

எழுந்து வெளியே போனார். அதே இளநீலக் கார்தான் அப்போதும் இருந்தது. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார், வண்டியை எடுக்கவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போனார். அந்த வருஷத்துப் பொட்டு முழுசாக இருந்தது. குனிந்து, பெட்ரோல் வட்டத்தின் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஜன்னலிலேயே போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு கஷ்டமாக இருந்தது பார்க்க.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. யாராவது, "அந்தப் பொட்டுக் கதையைச் சொல்லுங்க சார்" என்று கேட்டால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். கேட்டவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் நான்தான் சொல்கிறேன். பிளக், இடுப்பு இடி, கத்தரிக்காய் டெம்போ எல்லாம் வரும், எல்லோரும் சிரிப்பார்கள். அவர் கை கழுவிவிட்டு வந்து கதவோரம் நிற்பது எனக்குத் தெரியும். கடைசியில், கையில் மிட்டாய்ப் பெட்டியோடு வந்த பெண்ணை விட்டுவிட்டு, "நான் போனப்ப சாப்பாட்டு மணிகூட அடிக்கலை" என்று முடித்துவிடுவேன்.